ஒற்றை மரக்கம்பம் தாங்குமா?

கேள்வி: டல்லாஸில் மகள் வீட்டுக்குப் பின்னால், ஒரே ஒரு மரக்கம்பத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தொங்குகிறது. விழுந்துவிடாதா சார்? – வாசகி, திருச்சி

பதில்: விழாதம்மா. நம் ஊர் 100 கேவிஏ (கேவிஏ என்பது டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) டிரான்ஸ்ஃபார்மர் மூன்று பேஸ். எண்ணெயோடு அரை டன் வரும். அதனால்தான் இரட்டைக் கம்பம். அங்கே வீட்டுத் தெருக்களில் சிங்கிள் பேஸ்தான், சில வீடுகளுக்கு ஓர் உருளை வடிவ டிரான்ஸ்ஃபார்மர். 25 கேவிஏ என்றால் 200 கிலோ அளவில் இருக்கும். அதைப் பிடிக்கும் போல்ட் கம்பத்தைக் குறுக்கே துளைத்து மறுபக்கம் வரும். அங்கே பெரிய சதுர வாஷர் போட்டு நட்டை முடுக்குவார்கள். சின்ன வாஷர் மரத்துக்குள் புதைந்துவிடும். மரம் காய்ந்து சுருங்கும்போது நட்டு தளரும், அதற்கு ஸ்பிரிங் வாஷர்.

என்னைக் கேட்டால், போல்ட்டைவிட கம்பத்தின் அடிதான் கவலை. 40 அடிக் கம்பத்தில் 6 அடி மண்ணுக்குள் இருக்கும். தரைமட்டத்தை ஒட்டித்தான் மரம் சீக்கிரம் உளுத்துப்போகும். லைன்மேன்கள் ஏறுமுன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். ‘டங்’ என்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்டால் ஏற மாட்டார்கள்.

அப்புறம், கம்பத்தோடு இறங்கும் எர்த் கம்பியைப் பேரப்பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அறுந்து கிடந்தால் மின்கம்பெனிக்கு உடனே போன் செய்யச் சொல்லுங்கள்.