பார்வையில்லாத பிள்ளை கையை ஆட்டிக் கதைப்பதைத் தடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது. நன்றாகக் கதைப்பான். ஆனால் கதைக்கத் தொடங்கினால் கை சும்மா இருக்காது. போன கிழமை, கிணற்றில் தண்ணீர் அள்ளிய கதையை அம்மம்மாவுக்குச் சொல்லும்போது, கைக்கு மேல் கை மாற்றிக் கயிறு இழுத்துக் காட்டினான். "கையை மடியில வைச்சுக்கொண்டு கதை, பாக்கிற சனம் என்ன நினைக்கும்" என்று அம்மம்மா ஏசுகிறா. ஒருவரையும் கண்ணால் கண்டிராத பிள்ளை இதை எங்கே பழகினான்? நாங்கள் தடுக்க வேண்டுமா? – ஒரு தாய், மானிப்பாய்

பதில்: தடுக்க வேண்டாம். அவன் கை ஆடுவது கெட்ட பழக்கம் அல்ல, அவன் கதைப்பதில் அதுவும் ஒரு பாதி.

'எங்கே பழகினான்' என்ற உங்கள் கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ஜேனா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற இருவர் 1998இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத 12 பிள்ளைகளிடம், உயரமான குவளையிலிருந்து தட்டையான பாத்திரத்துக்குத் தண்ணீரை ஊற்றினால் அளவு மாறுமா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். 12 பேரும் கையை அசைத்தே விளக்கம் சொன்னார்கள், அதுவும் பார்வையுள்ள பிள்ளைகள் அளவுக்கு. 'ஊற்றினார்கள்' என்று சொல்லும்போது குவளையைப் பிடித்ததுபோல விரல்களை வளைத்து, அப்படியே கையைச் சரித்தார்கள். பார்வையுள்ளவர்கள் காட்டுவதும் இதே சாடைதான்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. வேறு 4 பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவரும் பார்வையில்லாதவர். அது அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். காட்ட ஆளில்லை, பார்க்கவும் ஆளில்லை. அப்படியிருந்தும் கைகள் ஆடின. கனடாவிலிருக்கும் தம்பியோடு போனில் கதைக்கும்போது, "இவ்வளவு பெரிய பலாப்பழம்" என்று நாங்கள் கையை விரிப்பதில்லையா? அதுவும் இதுதான். கை கேட்பவருக்காக மட்டும் அசைவதில்லை. சொல்பவர் தன் நினைப்பை ஒழுங்குபடுத்தவும் அது உதவுகிறது. கணக்கை விளக்கிக்கொண்டே வேறு சில சொற்களையும் மனதில் வைத்திருக்கச் சொன்னபோது, கையை அசைத்து விளக்கியவர்களுக்கே அந்தச் சொற்கள் கூடுதலாக நினைவிருந்தன என்று 2001இல் வந்த ஆய்வு காட்டியது. "கையை மடியில வை" என்று சொல்லும்போது பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையையும் ஏற்றிவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016இல் செய்தா ஒஸ்சலிஷ்கானும் கூட்டாளிகளும், ஆங்கிலம் பேசும் 20 பேரையும் துருக்கி மொழி பேசும் 20 பேரையும் ஆராய்ந்தார்கள். எல்லோரும் பிறவியிலேயே பார்வையில்லாத பெரியவர்கள். ஆங்கிலத்தில் உருள்வதையும் கீழே போவதையும் 'roll down' என்று ஒரே வினையோடு சொல்லிவிடலாம். துருக்கியில், நாங்கள் 'உருண்டு இறங்கினான்' என்பதுபோல, இரண்டு வினை வேண்டும். ஆங்கிலம் பேசியவர்களின் கை இரண்டையும் ஒரே அசைவில் சேர்த்தது. துருக்கி பேசியவர்களின் கை பிரித்துக் காட்டியது. அந்தந்த மொழி பேசும் பார்வையுள்ளவர்களும் அப்படியேதான் செய்தார்கள். ஒருவர் கையையும் கண்டிராதவர்களுக்கு அந்த வேறுபாடு அவர்கள் பேசும் மொழியோடு சேர்ந்தே வந்திருக்கிறது. உங்கள் மகனுக்கும் கையசைவு கதைக்கப் பழகும்போதே வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். கிணற்றுக் கயிறோ அவன் கையே அறிந்த விஷயம்.

சரி, எல்லாச் சாடையும் தானாக வந்துவிடுமா? வராது. கும்பிடுவது, போய்வருகிறேன் என்று கையசைப்பது, தலையாட்டி 'ஓம்' சொல்வது எல்லாம் ஊர் வைத்த வழக்கங்கள். மற்றப் பிள்ளைகள் பார்த்துப் பழகுவதை இவனுக்கு நீங்கள் தொட்டுப் பழக்க வேண்டும். அவன் கையைப் பிடித்து இழுத்து அசைக்காதீர்கள். உங்கள் கை கீழே, அவன் கை அதன்மேல். நீங்கள் கும்பிடும்போது அவன் கை உங்கள் கையோடு கூடப் போகட்டும். தலையாட்டுவதற்கு உங்கள் இரு கன்னத்திலும் அவன் உள்ளங்கைகளை வைத்துக்கொண்டு "ஓம்", "இல்லை" என்று மாறி மாறிச் சொல்லுங்கள். நல்லூர்க் கோயிலுக்குப் போக முன்னம் வீட்டில் நாலு நாள் செய்தால் போதும், அங்கே தடுமாற மாட்டான்.

உங்கள் பக்கமும் ஒரு திருத்தம் வேண்டும். அவனோடு கதைக்கும்போது "அங்க இருக்கு", "இந்தளவு" என்று கையால் காட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். "உன்ர வலக்கைப் பக்கம், கதவுக்குக் கிட்ட" என்று சொல்லுங்கள். அளவென்றால் அவன் இரு கைகளையும் எடுத்து அந்த அகலத்துக்கு விரித்து வையுங்கள்.

கதைக்காமல் இருக்கும் நேரத்தில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவது, கண்ணை விரலால் அழுத்துவது வேறு விஷயம், கதைக்கும்போது கை ஆடுவதோடு இதைக் குழப்ப வேண்டாம். கண்ணை அழுத்துவதைக் கண்டால், யாழ். போதனா வைத்தியசாலைக் கண் பிரிவில் காட்டும்போது மறக்காமல் சொல்லுங்கள். நீண்ட காலம் அழுத்தினால் கண் உள்வாங்கிப் போகலாம். பழக்குவது பற்றி மேலும் கேட்க, கைதடி நவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் பார்வையில்லாத பிள்ளைகளோடு நாளாந்தம் இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அம்மம்மாவுக்கு இந்த ஆய்வெல்லாம் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் பின்னேரம் அவவைக் கண்ணை மூடிக்கொண்டு அவனுக்கு முன்னால் இருக்கச் சொல்லுங்கள். அவன் கைகளின் மேல் தன் கைகளைப் பாரமில்லாமல் வைக்கட்டும். பிறகு, அந்தக் கிணற்றுக் கதையை இன்னொரு தரம் சொல்லு என்று அவனிடம் கேளுங்கள்.