வளவுக்குள் கோப்பி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரை ஏக்கர் தென்னங்காணி, கிணறும் இருக்கிறது. இடையில் கோப்பி நடலாமா? மலைநாட்டுப் பயிர் இங்கே சரிவராது என்கிறார்களே?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: அவர்கள் சொல்வது அராபிக்காவுக்குச் சரி. அது குளிர் கேட்கும் இனம். 1869இல் தலைகாட்டி இலங்கைக் கோப்பித் தோட்டங்களையே அழித்த இலைத்துரு நோய்க்கும் இலகுவில் இரையாகும். உங்கள் காணிக்கு ரொபஸ்டா என்ற கோப்பி இனந்தான் ஏற்றது. மட்டக்களப்பில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பங்கு மாரியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆனி, ஆடியில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது கிணறு தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்கினால் இருபது, இருபத்தைந்து கன்றுடன் தொடங்கலாம். ஒன்றிரண்டை நட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ரொபஸ்டா தன் மகரந்தத்தால் காய் பிடிக்காது, பக்கத்தில் வேறு விதைக் கன்றுகள் வேண்டும்.

தென்னையிலிருந்து 6 அடி தள்ளி, கன்றுக்குக் கன்று 8 முதல் 10 அடி விட்டு, 2 அடி ஆழ அகலத்தில் குழி வெட்டுங்கள். மணல் காணியென்றால் அடியில் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வையுங்கள், ஈரம் நிற்கும். மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய மாட்டெரு போதும். மழை பிடித்ததும் நடுங்கள். பையைக் கிழிக்கும்போது ஆணிவேர் சுருண்டிருந்தால் சுருண்ட நுனியை வெட்டிவிடுங்கள். அப்படியே நட்ட கன்று பச்சையாகத்தான் நிற்கும், ஆழ வேர் விடாததால் கடும் கோடையொன்றில் பட்டுப்போகும். கோடையில் வாரம் இருமுறை ஒரு வாளி தண்ணீர், அடியில் காய்ந்த ஓலை மூடாக்கு. மார்கழி வெள்ளம் தேங்கும் பள்ளமும் உவர் ஏறும் வாவிக்கரையும் வேண்டாம்.

கேள்வி: நான்கு வயது மரங்கள். மொட்டு நிறைய வருகிறது, காய் மட்டும் இல்லை. ஏன்?
– வாசகி, திருக்கோவில்

பதில்: மொட்டு எப்போது விரிந்தது என்று கவனித்தீர்களா? கோப்பி மொட்டு வறட்சியில் உறங்கி, நல்ல ஈரம் கிடைத்த ஏழெட்டு நாளில் விரியும். தூறலோ அரைவாளித் தண்ணீரோ என்றால் அரைகுறையாக விரிந்து, பச்சை நட்சத்திரம்போல் நின்று கருகும். கார்த்திகை அடைமழையில் விரிந்தால் மகரந்தம் கழுவுண்டு போகும். ஆகவே மழையை நம்பாதீர்கள். அறுவடை முடிந்ததும் ஒரு மாதம் தண்ணீரை நிறுத்துங்கள். மதியத்தில் இலை சற்றுத் துவளலாம், உதிரக் கூடாது. புரட்டாதித் தொடக்கத்தில் மரத்துக்கு 80 லீற்றர், அதாவது 2 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்கு ஓரங்குல மழையளவு, ஒரே நாளில் விடுங்கள். மூன்று கிழமையில் இன்னொரு தடவை. இப்படிப் பூத்தது ஆனி, ஆடியில் பழுக்கும். கச்சான் வெயில் காயவைக்கத் தோது. சித்திரை மழையில் பூத்தது தை ஈரத்தில் பழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கத்தில் பலரிடம் ஐந்து, பத்து மரம் உண்டு. சேர்த்து விற்க வழி?
– செங்கலடி

பதில்: வீட்டுக்கு வீடு காயவைத்துக் கொண்டுவந்த கொட்டையைக் கலக்காதீர்கள்; ஒருவரின் பூஞ்சண வாடை மூடை முழுக்கப் பரவும். சிவந்த பழமாகவே நிறுத்து வாங்கி, தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குங்கள். பழத்தின் தொப்புளில் ஊசித்துளை தெரிந்தால் துளைப்பான் வண்டு. அதையும் மரத்தில் மிஞ்சிய காய்களையும் கொதிநீரில் போட்டு அழியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த போகத்துக்கும் வண்டு காத்திருக்கும். நல்ல பழங்களை இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிப்பில்லாமல் வெயிலில் பரப்பி, நாளுக்கு நாலைந்து தரம் கிளறி, மாலையில் மூடுங்கள். குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்க வேண்டும். ஏறத்தாழ 5 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டை தேறும், வறுத்தால் அதிலும் ஐந்திலொன்றுவரை குறையும். விலை பேசுமுன் இந்தக் கழிவைக் கணக்கிலெடுங்கள். தொடக்கத்தில் வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்த தூளாக ஊர்ச் சந்தையில் விற்பதே நல்லது.