டிங்கருக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். படித்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றில், "ஒப்பந்த முறை, பேஸ் (pace) டிங்கர், புதிய அடிமை முறை அல்ல" என்று ஒரு வரி வருகிறது. 'பேஸ்' என்றால் வேகம்தானே? டிங்கரும் இதையே சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, ரோஸ்ஹில்

பதில்: கூடவே கூடாது. பொருள் தலைகீழாகிவிடும்.

எழுத்து நான்கும் வேகத்துக்கு உரியவைதான், ஆனால் சொல் வேறு. இது லத்தீன். 'பாக்ஸ்' என்றால் அமைதி; அது வேற்றுமை ஏற்று நிற்கும் வடிவம் இது. 'இன்னார் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்பது கருத்து. டிங்கர் சொன்னதை மறுக்கப் போகிறவர், முதலில் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுக்கிறார். நம் பேச்சில் 'டிங்கர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அது அடிமை முறை இல்லை' என்போமே, அதுதான். பிரெஞ்சும் தெரிந்த மொரிஷியஸ்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: அந்த இடத்தில் 'நான் தெப்ளேஸ் ஆ டிங்கர்' (n'en déplaise à Tinker) என்று வைத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும்.

வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் 1974இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'எ நியூ சிஸ்டம் ஆஃப் ஸ்லேவரி', அதாவது 'ஒரு புதிய அடிமை முறை'. 1840இல் பிரிட்டிஷ் காலனித் துறை அமைச்சராக இருந்த ஜான் ரஸ்ஸல் பிரபு எழுதிய தொடரை எடுத்துத் தலைப்பாக்கினார். அப்படிப்பட்டவரை 'அடிமை முறை அல்ல' என்ற கட்சியில் சேர்த்து எழுதினால், தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பேனாவை எடுத்துவிடுவார்.

இந்தச் சொல்லை எப்படி அடையாளம் காண்பது? பெரும்பாலும் சாய்வெழுத்தில் இருக்கும். அடுத்து உடனே ஓர் ஆளின் பெயர் வரும். நடுவில் 'ஆஃப்' கிடையாது, முன்னால் 'எ', 'தி' கிடையாது. வேகத்தைக் குறிக்கும் சொல்லுக்கு இவற்றில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அகராதியில் தேடும்போது முதல் பதிவோடு நின்றுவிடாதீர்கள். முதலில் வருவது வேகம்தான். லத்தீன் சொல் அதன் கீழே தனித் தலைச்சொல்லாக இருக்கும். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், பெயர் வருகிற ஆளின் நிலைப்பாடு என்ன என்று அடிக்குறிப்பைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். வாக்கியம் அதற்கு எதிராக இருந்தால் உறுதி.

வாய்மொழித் தேர்வில் இதை 'பேஸ்' என்று படிக்காதீர்கள். 'பேசி' அல்லது 'பாச்சே', இரண்டு அசை. உங்கள் ஆய்வேட்டில் இந்தச் சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. 'இன்னார் சொன்னபடி' என்ற பொருளில் இதைத் தவறாக எழுதும் ஆங்கிலேயர்களே உண்டு. 'காண்ட்ரரி டு டிங்கர்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

கேள்வி: அடிக்குறிப்பில் வரும் 'சி.எஃப்.' (cf.) என்பதும் 'சீ' (see) என்பதும் ஒன்றா?
- வாசகர், கத்ர் போர்ன்

பதில்: பிரெஞ்சில் 'சி.எஃப்.' போட்டு 'பார்க்க' என்ற பொருளில் சாதாரணமாக எழுதுவார்கள். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. ஆங்கிலத்தில் அது 'ஒப்பிடுக'. கவனமாக எழுதுகிறவர்கள், வேறுபட்ட கருத்தைச் சொல்லும் நூலைக் காட்டவே அதைப் போடுவார்கள். உங்கள் கருத்துக்குத் துணையாக நிற்கும் நூல் என்றால் 'சீ' போதும்.

கேள்வி: "தோட்ட முதலாளி ஈவென்ச்சுவலி கூலி கொடுத்தார்." ஒருவேளை கொடுத்திருக்கலாம் என்பதா?
- மாணவர், போர்ட் லூயிஸ்

பதில்: கொடுத்தேவிட்டார். இழுத்தடித்து, கடைசியில் கொடுத்தார். 'ஒருவேளை' என்பது பிரெஞ்சு 'எவாந்துவெல்மான்' செய்யும் மாயம். இதே வீட்டில் பிறந்த இன்னொன்று 'ஆக்சுவலி': ஆங்கிலத்தில் 'உண்மையில்', பிரெஞ்சு 'ஆக்துவெல்மான்' என்றால் 'இப்போது'. 1835ஆம் ஆண்டுச் செய்தி சொல்லும் வாக்கியத்தில் 'ஆக்சுவலி' வந்து, அதை 'இப்போது' என்று படித்தால் காலமே குழம்பிப்போகும்.