ஆலைக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?

"ஆலை வந்தால் வேலை வரும், சரி. ஜனநாயகத்துக்கு அதனால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரிக்காரனாக எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இங்கே இருந்த சவானா மில் என்ற பஞ்சாலைதான்.

பிரெஞ்சு ஆட்சியில் இங்கே பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வேலை நேர வரம்பும் இல்லை, சங்கம் வைக்கும் உரிமையும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று, அந்த மில்லில் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. அந்தப் போராட்டத்தை வழிநடத்திய வ. சுப்பையா பின்னர் விடுதலைப் போராட்டத்திலும் முன்னால் நின்றார். வாக்குச்சீட்டை விட ஆலை வாசல்தான் இந்த ஊருக்கு அரசியல் கற்றுக்கொடுத்தது என்பது என் கருத்து.

ஒரே ஆலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே ஷிப்டில் வெளியே வரும்போது பேச இடம் கிடைக்கிறது, தலைவர்கள் உருவாகிறார்கள். இன்று பல இடங்களில் ஒப்பந்த முறை அதைத்தான் உடைக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கே வேறு ஒப்பந்தக்காரர், வேறு கூலி. யாரிடம் போய்ப் பேசுவது?

அப்புறம், வேலிக்கு வெளியே இருப்பவர்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ரசாயன ஆலைகளின் நாற்றத்தையும் நிலத்தடி நீர் கெட்டதையும் சுற்றுக் கிராமங்கள் அனுபவித்தன. அங்கே வேலை இல்லாதவர்களும்தான். அவர்களுக்கும் பேச இடம் வேண்டும். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, திட்டத்துக்கு அனுமதி தருமுன் மக்கள் கருத்தைக் கேட்க நடக்கும் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் அறிவித்தால் அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.