அப்பா, அம்மாவோடு ஃபோச்சாவுக்கும் சுட்யெஸ்கா காட்டுக்கும்: எப்படித் திட்டமிடுவது?

வாசகர் கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் சேலத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். மூன்று பேரும் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவுக்குப் போகிறோம். அங்கிருந்து ட்ரினா ஆற்றங்கரையில் இருக்கும் ஃபோச்சா என்ற சின்ன ஊருக்கும், பக்கத்தில் உள்ள சுட்யெஸ்கா தேசியப் பூங்காவுக்கும் போக ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி. இருவரும் சுத்த சைவம். விசா, சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம் எப்படி? காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புவது வேண்டாம். சரயேவோவிலிருந்து ஃபோச்சா எண்பது கிலோமீட்டருக்குள்தான் என்றாலும் முழுக்க மலைப்பாதை. அங்கிருந்து பூங்காவுக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மாவின் மூட்டுக்குக் காரில் ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்காருவது நல்லதில்லை. ஃபோச்சாவில் இரண்டு இரவு தங்குங்கள்.

முதலில் விசாவைப் பாருங்கள், நிறையப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் போஸ்னியா இல்லை. பலமுறை நுழையும் ஷெங்கன் விசா செல்லுபடியாக இருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா இல்லாமல் முப்பது நாள் வரை அங்கே இருக்கலாம். உங்கள் ஜெர்மன் வசிப்பு அனுமதிக்கும் இது பொருந்தும். பெற்றோரின் விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தை இன்றே பாருங்கள். ‘மல்ட்’ (MULT, பலமுறை) என்று அச்சாகியிருந்தால் கவலை இல்லை. ‘01’ என்றிருந்தால் இந்தப் பயணத்தைக் கைவிடுங்கள். போஸ்னியா உள்ளே விடாது என்பது ஒன்று. எப்படியோ உள்ளே போய்விட்டாலும் ஜெர்மனிக்குத் திரும்பி நுழைய முடியாது. இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், போஸ்னியா போய்த் திரும்பும் திட்டத்தை எழுதிப் பலமுறை நுழைவு வேண்டும் என்று கேளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும், அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் போஸ்னியத் தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பெற்றோரின் பயணக் காப்பீடு ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும்தானா என்றும் பாருங்கள். பல பாலிசிகள் அப்படித்தான் இருக்கும். போஸ்னியாவையும் சேர்த்து வாங்க வேண்டும். உங்கள் ஜெர்மன் சிம்மின் ஐரோப்பிய ஒன்றிய ரோமிங்கும் அங்கே செல்லாது. சரயேவோவில் இறங்கியதும் உள்ளூர் சிம் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பேருந்து உண்டு, ரயில் கிடையாது. ஃபோச்சா பக்கம் போகும் பேருந்துகளில் பெரும்பாலானவை சரயேவோவின் பெரிய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை. நகரின் இன்னொரு ஓரத்தில், கிழக்கு சரயேவோ நிலையத்திலிருந்து கிளம்பும். தெரியாமல் பெரிய நிலையத்தில் போய் நின்று பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஆனால் உங்கள் மூவருக்கும் வாடகைக் கார்தான் சரி, பூங்காவுக்குள் அங்கங்கே நிறுத்திப் பார்க்க அது இல்லாமல் முடியாது. சரயேவோவிலேயே எடுங்கள். ஜெர்மனியிலோ குரோஷியாவிலோ எடுத்த காரைக் கொண்டுவருவதென்றால் கம்பெனியின் அனுமதியும் ‘பச்சை அட்டை’ எனும் எல்லை தாண்டிய காப்பீடும் வேண்டும். ட்ர்னோவோ வழியாக ரொகோய் கணவாய் ஏறி இறங்கும் பாதையில் பகலிலேயே போய்விடுங்கள். ஃபோச்சா ‘ஸ்ர்ப்ஸ்கா குடியரசு’ என்ற நிர்வாகப் பகுதியில் இருப்பதால் வழிப்பலகைகளில் சிரில்லிக் எழுத்து நிறைய வரும். வட்டத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு கிழித்த மாதிரி ஓர் எழுத்தில் தொடங்கும் நான்கெழுத்துப் பெயரைப் பார்த்தால், அதுதான் ஃபோச்சா.

ஊர் சிறியது. மாண்டினீக்ரோவிலிருந்து வரும் செஹோதினா ஆறு இங்கே ட்ரினாவில் கலக்கிறது. மழை பெய்த மறுநாள் அந்தச் சங்கமத்தில் நின்றால் பச்சைத் தண்ணீர் ஒரு பக்கமும் கலங்கல் தண்ணீர் ஒரு பக்கமுமாகக் கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடுவதைப் பார்க்கலாம். அப்பாவுக்குப் பவானி கூடுதுறை ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன்.

இந்த ஊரில் ஒரு மணி நேரத்தை அலாஜா மசூதிக்கு ஒதுக்குங்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய ஒட்டோமான் மசூதி அது. ‘அலாஜா’ என்றால் பல வண்ணம் கொண்டது என்று பொருள், உள்ளே இருந்த ஓவிய வேலைப்பாட்டால் வந்த பெயர். 1992-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். புதைந்து கிடந்த பழைய கற்களைத் தேடி எடுத்து, அவற்றையும் சேர்த்துத் திரும்பக் கட்டி, 2019 மே மாதம் திறந்தார்கள். பழைய கல்லும் புதுக் கல்லும் அடுத்தடுத்து நிற்பதை அருகில் போய்ப் பார்த்தால் நிற வித்தியாசம் தெரியும். அந்தச் சுவரில் கை வைத்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அம்மா தலையில் போட ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளட்டும், தொழுகை நேரத்தில் வெளியே காத்திருங்கள்.

ஏன் தகர்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1992 முதல் 1995 வரை நடந்த போஸ்னியப் போருக்கு முன் இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் முஸ்லிம்கள். 1992-ல் போஸ்னிய செர்பியப் படைகள் ஊரைப் பிடித்தபின் அவர்களைக் கொன்றார்கள், விரட்டினார்கள். பெண்களையும் சிறுமிகளையும் ஊருக்குள் இருக்கும் பார்டிசான் விளையாட்டு அரங்கம் போன்ற இடங்களில் அடைத்து வைத்துச் சீரழித்தார்கள். முன்னாள் யுகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரிக்க ஹேக் நகரில் அமைத்த சர்வதேச நீதிமன்றம் 2001-ல் பாலியல் அடிமைத்தனத்தை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தது இந்த ஃபோச்சா வழக்கில்தான். ஊரின் பெயரையே ‘ஸ்ர்பின்யே’ என்று மாற்றியிருந்தார்கள். 2004-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பழைய பெயர் திரும்பியது. நீங்கள் தங்கும் வீட்டுக்காரரிடமோ டீக்கடையிலோ ‘நீங்கள் எந்தப் பக்கம்’ என்று கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் முழுக்க சுட்யெஸ்காவுக்கு. 1962-ல் அறிவித்த இது போஸ்னியாவின் முதல் தேசியப் பூங்கா. ட்யென்டிஷ்டே என்ற இடத்தில், 1943 மே, ஜூனில் நாஜிப் படைகளின் சுற்றிவளைப்பை உடைத்துக்கொண்டு வெளியேறிய யுகோஸ்லாவியப் போராளிகளுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்தச் சண்டையில் ஏழாயிரம் பேருக்கு மேல் மடிந்தார்கள். சிற்பி மியோட்ராக் ஷிவ்கோவிச் வடித்து 1971-ல் திறந்த இரண்டு பெரிய வெள்ளை கான்கிரீட் பாறைகள், சிறகு விரித்த மாதிரி எதிரெதிரே நிற்கும். மேலே போகப் படிகள் அதிகம். அம்மா கீழே இருந்து பார்த்தாலே போதும், முழு உருவமும் தெரிவது அங்கிருந்துதான்.

அடுத்து பெருச்சிட்சா. மனிதக் கோடரி அதிகம் படாமல் ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் சில பழங்காடுகளில் ஒன்று, சுமார் 1,400 ஹெக்டேர். பீச் மரமும் ஃபிர், ஸ்ப்ரூஸ் வகை ஊசியிலை மரங்களும் அங்கே ஐம்பது மீட்டருக்கு மேலும் வளர்ந்து நிற்கின்றன. விழுந்த மரத்தை யாரும் எடுப்பதில்லை, அது மட்கி அதன் மேலேயே அடுத்த கன்று முளைக்கும். வழிகாட்டி இல்லாமல் உள்ளே நடக்க அனுமதி இல்லை. நடை ஏற்ற இறக்கமானது, பெற்றோருக்கு வேண்டாம். அவர்களுக்கு டிராகோஷ் செட்லோ வரை காரிலேயே போகலாம். சாலை குறுகலாக வளைந்து வளைந்து ஏறும், பொறுமையாக ஓட்டுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூர நடையில் பெஷ்கிட்டா என்ற காட்சிமுனை வரும். கீழே காடு முழுக்க ஒரே கம்பளமாகத் தெரியும். நடுவில் எழுபத்தைந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்காகவாட்ஸ் அருவி வெள்ளை நூல் மாதிரி இருக்கும். ஆகஸ்டில் தண்ணீர் குறைவாக இருக்கலாம், ஏமாற வேண்டாம். 2,386 மீட்டர் உயரமுள்ள மாக்லிச் சிகரத்தில் ஏற உங்களுக்கு ஆசை வந்தால், அதற்குத் தனியாக இன்னொரு பயணம் வாருங்கள்.

பாதுகாப்புக்கு வருவோம். திருட்டு, வம்பு பயம் பெரிதாக இல்லை. கண்ணிவெடி அபாயம்தான் உண்மையானது, போர் முடிந்தும் சில இடங்களில் இன்னும் அகற்றி முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அங்கேயே நின்று, வந்த வழியே திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும் குறியிட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள், ஆள் இல்லாத இடிந்த வீட்டுக்குள் போகாதீர்கள். ஒதுங்குவதற்காகக்கூட புதருக்குள் போக வேண்டாம்.

சாப்பாடு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மெல்லிய மாவைச் சுருட்டிப் பாம்பு மாதிரி வளைத்துச் சுட்ட ‘பீட்டா’ எல்லா இடத்திலும் கிடைக்கும். சிர்னிட்சா என்றால் பாலாடைக்கட்டி, செல்யானிட்சா என்றால் கீரை, க்ரொம்பிருஷா என்றால் உருளைக்கிழங்கு. புரெக் என்று மட்டும் கேட்காதீர்கள், பெரும்பாலும் இறைச்சிதான் வரும். கீரை, பாலாடைக்கட்டி பீட்டாக்களில் முட்டை சேர்ப்பதும் உண்டு, க்ரொம்பிருஷாதான் நம்பகமானது. பீன்ஸ் சூப்பில் புகையூட்டிய இறைச்சி போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘பெஸ் மெசா’ என்றால் இறைச்சி இல்லாமல். இதைவிட உதவும் சொல் ‘போஸ்னோ’. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் விரத நாளில் சாப்பிடும் உணவு அது. இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. மீன் மட்டும் வரலாம், அதனால் மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 14 முதல் 27 வரை அவர்களுக்கு ஒரு விரத காலம் வருகிறது, உங்கள் தேதி அதில் விழுந்தால் இன்னும் சுலபம். ஒரு பாட்டில் ஊறுகாயும் கொஞ்சம் பருப்புப் பொடியும் கொண்டு போனால் அப்பா நிம்மதியாக இருப்பார்.

கையில் ரொக்கம் வையுங்கள். நாணயம் ‘கன்வெர்டிபிள் மார்க்’, ஒரு யூரோவுக்கு 1.95583 என்று நிலையான மதிப்பு. பூங்காவுக்குப் போகும் முன் ஃபோச்சாவிலேயே ஏடிஎம்மில் எடுத்துவிடுங்கள். தங்கும் இடத்தில் உங்கள் வருகையைப் போலீசில் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். ஹோட்டல்கள் தாமாகவே செய்யும், தனி வீடுகளில் சில சமயம் மறந்துபோகும்.

தாரா ஆற்றில் ராஃப்டிங் போகச் சொல்லி ஊரில் எல்லோரும் அழைப்பார்கள். பெற்றோர் ஆற்றங்கரையில் காப்பி குடித்தபடி காத்திருக்க, நீங்கள் மட்டும் போய்வரலாம். படகு பெரும்பாலும் மாண்டினீக்ரோ பக்கம் ஏறிக் கீழே வரும், அதனால் பாஸ்போர்ட்டைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.