பழைய பெயர்களை மாற்றி எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய ராக் இசைப் பதிவுகளைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு, நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ஒலிநாடாக்களையும் குறுந்தகடுகளையும் கணினியில் ஏற்றி, குழுவின் பெயர் வாரியாக அடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சிக்கல். பல பெரிய குழுக்கள் தொடக்கத்தில் வேறு பெயரில் பாடியிருக்கின்றன. பீட்டில்ஸ் முதலில் குவாரிமென். பிங்க் ஃபிளாய்ட் முதலில் டீ செட். ரேடியோஹெட் முதலில் 'ஆன் எ ஃபிரைடே'. கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பெயர்களோடே இருந்திருந்தால் இவர்களை யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா? நல்ல பெயர் கிடைத்த பிறகுதான் இவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைக்கிறேன். பீட்டில்ஸ் என்ற பெயர் ஜான் லெனனுக்குக் கனவில் கிடைத்தது என்றுகூடப் படித்திருக்கிறேன். எனவே பழைய பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் புகழ்பெற்ற பெயரின் கீழ் கொண்டுவந்துவிடலாம் என்றிருக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

தங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெயர்களை நீக்க வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் கனவுச் செய்தி. 1961ஆம் ஆண்டு 'மெர்சி பீட்' என்ற லிவர்பூல் இசைப் பத்திரிகைக்கு லெனன் வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார். எரியும் அப்பத்தின் மீதேறி வந்த ஒரு மனிதன் 'இன்று முதல் நீங்கள் பீட்டில்ஸ்' என்று அருளிச்சென்றதாக அதில் ஒரு வரி வருகிறது. பெயர்க்காரணம் கேட்டுச் சலிப்பூட்டியவர்களுக்கு அவர் சொன்ன விளையாட்டுப் பதில் அது. உண்மையில் அந்தப் பெயர் 1960ஆம் ஆண்டில் படிப்படியாகத்தான் உருவானது. அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலியின் குழுவுக்கு 'கிரிக்கெட்ஸ்', அதாவது சில்வண்டுகள், என்று பெயர். அவர் 1959 பிப்ரவரியில் விமான விபத்தில் இறந்தார். அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய லிவர்பூல் பையன்கள், சில்வண்டுக்கு உறவாக 'பீட்டில்', அதாவது வண்டு, என்ற சொல்லைப் பிடித்தார்கள். அதன் எழுத்தை மாற்றித் தாளத்தைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லை உள்ளே புகுத்தினார்கள். பீட்டல்ஸ், சில்வர் பீட்டில்ஸ் என்று சில மாதங்கள் தடுமாறி, அந்த ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இந்திரா கிளப்பில் மேடையேறும்போதுதான் பீட்டில்ஸ் என்று நிலைத்தது.

இப்போது தங்களுக்குச் சிரிப்பு வரவழைத்த குவாரிமென்னுக்கு வருகிறேன். லெனன் படித்தது குவாரி பேங்க் உயர்நிலைப் பள்ளி. அந்த ஊர்ப்பக்கமான வூல்டன், மணற்கல் வெட்டியெடுத்த இடம். லிவர்பூலின் பெரிய தேவாலயத்துக்கே அங்கிருந்துதான் கல் போனது. பள்ளிப் பாடலிலும் 'குவாரி மென்', அதாவது கல்குவாரி ஆட்கள், என்ற சொல் வருகிறது. 1956இல் கிட்டாரும், துணி துவைக்கும் பலகையும், தேயிலை வந்திறங்கிய மரப்பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பாஸும் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கிய பள்ளிப் பையன்கள், அந்தப் பள்ளிப் பாட்டிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பள்ளி, எந்தத் தெருப்பக்கம், யார் வீட்டுப் பையன்கள் என்று வூல்டன்காரர்களுக்கு அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். அதை நல்ல பெயர், கெட்ட பெயர் என்று நிறுப்பதைவிட ஒரு முகவரி என்று வாசிப்பதே சரி என்று நான் நினைக்கிறேன்.

முகவரியாக இருந்ததால்தான் அது காலாவதியும் ஆனது. 1957 ஜூலை 6ஆம் தேதி, வூல்டன் புனித பீட்டர் தேவாலயத் திருவிழாவில் இந்தக் குழு வாசித்த நாளில்தான் லெனன் பால் மெக்கார்ட்னியைச் சந்தித்தார். மெக்கார்ட்னியும், பின்னர் வந்த ஜார்ஜ் ஹாரிசனும் படித்தது வேறு பள்ளி. லெனனே அந்த ஆண்டு ஓவியக் கல்லூரிக்குப் போய்விட்டார். வீட்டில் குடியிருந்தவர்கள் மாறிய பிறகும் வாசலில் பழைய பெயர்ப்பலகை தொங்குவதுபோல, குவாரி பேங்க் பள்ளியோடு ஒட்டுறவு இல்லாதவர்கள் குவாரிமென் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

தாங்கள் குறிப்பிட்ட மற்ற பெயர்களையும் இந்தக் கண்ணால் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே அபிங்டன் பள்ளி மாணவர்கள் ஐந்து பேர் வெள்ளிக்கிழமைகளில் பயிற்சி செய்தார்கள். பெயர் 'ஆன் எ ஃபிரைடே'. வகுப்பு அட்டவணையிலிருந்து பிய்த்தெடுத்ததுபோல இருக்கிறது, எனக்கு அதனாலேயே பிடிக்கும். 1991இல் ஈஎம்ஐ என்ற இசைப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தமான பிறகு, டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாடல் ஒன்றிலிருந்து ரேடியோஹெட் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். லண்டன் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படித்த ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் ரிச்சர்ட் ரைட்டும், பிங்க் ஃபிளாய்ட் ஆவதற்கு முன், பல பெயர்களில் வாசித்தார்கள். அவற்றுள் ஒன்று 'லியோனார்ட்ஸ் லாட்ஜர்ஸ்', அதாவது லியோனார்ட் வீட்டுக் குடித்தனக்காரர்கள். மைக் லியோனார்ட் என்ற ஆசிரியரின் வீட்டில் அவர்கள் உண்மையிலேயே வாடகைக்கு இருந்தார்கள்.

பெயர் மாறியதும் நல்ல காலம் பிறந்தது என்கிறீர்கள். நான் பார்த்தவரையில் நடந்தது பெரும்பாலும் தலைகீழ்; குழு தன் பேட்டையைத் தாண்டியபோது அங்கே அதே பெயரில் இன்னொரு குழு இருந்தது. தி ஹூ குழுவினர் 1964 வரை டீட்டூர்ஸ். அதே பெயர் கொண்ட வேறொரு குழு தொலைக்காட்சியில் தோன்றியதைப் பார்த்த பிறகு பெயரை மாற்றினார்கள். பர்மிங்காமில் எர்த் என்ற பெயரில் இருந்தவர்கள், இன்னொரு எர்த் இருப்பது தெரிந்து 1969இல் பிளாக் சபாத் ஆனார்கள். 1965இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு வார்லாக்ஸ், கிழக்குக் கரையில் ஒரு வார்லாக்ஸ். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டுமே அப்பெயரைக் கைவிட்டன. நியூயார்க் குழு வெல்வெட் அண்டர்கிரவுண்ட் ஆனது. கலிஃபோர்னியா குழுவின் ஜெர்ரி கார்சியா ஓர் அகராதியைப் பிரித்தபோது கண்ணில் பட்ட சொற்றொடர் 'கிரேட்ஃபுல் டெட்', அதாவது நன்றியுள்ள இறந்தவர். அது நாட்டார் கதை ஆய்வாளர்கள் ஒரு கதைவகைக்கு இட்ட பெயர். அடக்கம் செய்ய ஆளில்லாமல் கிடந்த பிணத்துக்குத் தன் கைப்பொருளைச் செலவழித்து ஈமக்கடன் செய்கிறான் ஒரு வழிப்போக்கன். இறந்தவனின் ஆவி பின்னாளில் நன்றியோடு வந்து அவனுக்கு உதவுகிறது. இப்படி ஒரு பெயர் அகராதியில் காத்திருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

டீ செட்டுக்கும் இதே நெருக்கடிதான். ஒரு நிகழ்ச்சியில் அதே பெயரில் இன்னொரு குழு வர, குழுவின் பாடகர் சிட் பாரெட் தமக்குப் பிடித்த பழைய புளூஸ் கலைஞர்கள் இருவரின் பெயர்களை ஒட்டவைத்தார். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில். ஓர் இசைத்தட்டின் உறையில் இருந்த குறிப்பில் படித்த பெயர்கள் அவை. ஆண்டர்சன் தென் கரோலினாக்காரர். கவுன்சில் வட கரோலினாக்காரர். நம் ஊர்ச் சந்தைகளில் லேகியம் விற்பவர்கள் கூட்டம் சேர்க்க வித்தை காட்டுவதுபோல, அமெரிக்கத் தெற்கில் ஊர் ஊராகப் போய் மருந்து விற்ற கூட்டங்களில் பாடியும் ஆடியும் நெடுங்காலம் பிழைத்தவர் ஆண்டர்சன். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டு 1973இல் வந்து உலகெங்கும் விற்றபோது அவர்கள் இருவருமே உயிரோடு இருந்தார்கள். ஆண்டர்சன் 1974இலும் கவுன்சில் 1976இலும் இறந்தார்கள். தங்கள் சேகரத்தில் பிங்க் ஃபிளாய்ட் முழுமையாக இருக்குமென்று நம்புகிறேன். அதன் பக்கத்திலேயே பிங்க் ஆண்டர்சனின் 1961ஆம் ஆண்டுப் பதிவுகளுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குரலை ஒருமுறை கேட்டுவிட்டால் 'பிங்க்' என்பது நிறத்தின் பெயராகத் தங்களுக்கு மறுபடி ஒலிக்காது.

இனி, எனக்கு மனவேதனை தரும் வகைக்கு வருகிறேன். குழு தானாக வைத்துக்கொண்ட பெயர் வேறு, காசு போட்டவர்கள் அதன் தலையில் கட்டிய பெயர் வேறு. கலிஃபோர்னியாவின் ஹாதார்னில் வில்சன் சகோதரர்களும் மைக் லவ்வும் அல் ஜார்டினும், அலைச்சறுக்குக்காரர்கள் அப்போது விரும்பி அணிந்த பெண்டில்டன் கம்பளிச் சட்டையை வைத்துப் பெண்டில்டோன்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். 1961இல் அச்சாகி வந்த முதல் இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், ஒட்டுத்தாளில் 'பீச் பாய்ஸ்' என்றிருக்கிறது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. திருப்பி அச்சிடப் பணமும் இல்லை. அந்தப் பெயர் நன்றாக அமைந்தது என்பதால் அந்தச் செயலை இன்று எல்லோரும் சுவையான நிகழ்ச்சியாகச் சொல்கிறார்கள். அதே செயல் இன்னொரு குழுவுக்கு என்ன செய்தது என்று பாருங்கள்.

எல் செரிட்டோ என்ற சிற்றூரில் பள்ளித் தோழர்களான ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் மூவரும் 1959இல் புளூ வெல்வெட்ஸ் என்ற பெயரில் தொடங்கி, ஜானின் அண்ணன் டாமையும் சேர்த்துக்கொண்டார்கள். 1964இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபேன்டசி நிறுவனம் அவர்களைப் பதிவுசெய்ய முன்வந்தது. பிரிட்டிஷ் குழுக்களின் அலை அடித்த நேரம்; இங்கிலாந்தை நினைவூட்டும் பெயர் வேண்டுமென்று நிறுவனத்தார் அவர்களுக்கு 'கோலிவாக்ஸ்' என்று பெயரிட்டார்கள். கோலிவாக் என்பது கறுப்பின மனிதரைக் கோமாளியாக்கிச் செய்த துணிப்பொம்மை. 1895இல் வந்த ஒரு குழந்தைகள் புத்தகத்திலிருந்து பரவியது. கறுப்பினக் கலைஞர்களின் இசையைக் கேட்டுக் கேட்டே பாடக் கற்ற இளைஞர்கள், அந்த மக்களை இழிவுபடுத்தும் சொல்லைத் தங்கள் பெயராகச் சுமந்துகொண்டு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பாடினார்கள். நிறுவனம் 1967இல் கைமாறிய பிறகுதான் அதை உதற முடிந்தது. நண்பரின் நண்பர் ஒருவருடைய பெயர், ஒரு பீர் விளம்பரத்தில் கேட்ட தெளிந்த நீர், மறுமலர்ச்சி என்ற சொல் ஆகிய மூன்றையும் சேர்த்து, கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்று தாங்களே பெயரிட்டுக்கொண்டார்கள். 1969 என்ற ஒரே ஆண்டில் அவர்கள் மூன்று முழு இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். பெயர் மாறியதால் அந்த வேகம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பத்தாண்டு உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் வெட்கப்படாமல் சொல்லிக்கொள்ளக்கூடிய பெயர் கிடைத்ததில் ஒரு விடுதலை இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

தி ஹூ குழுவுக்கும் இப்படி ஒரு சறுக்கல் உண்டு. 1964 கோடையில் ஒரு மேலாளர் அவர்களை ஹை நம்பர்ஸ் ஆக்கி ஒரு தட்டு வெளியிட்டார். அது விற்கவில்லை. புதிய மேலாளர்கள் வந்ததும் தி ஹூ என்ற பெயருக்கே திரும்பினார்கள். பெயர்கள் எப்போதும் கீழிருந்து மேலாக ஏறிப்போகின்றன என்ற எண்ணத்துக்கு இதுவே போதுமான மறுப்பு. லெட் செப்பலினைக்கூடப் பாருங்கள்: நியூ யார்ட்பேர்ட்ஸ் என்ற இரவல் பெயரை 1968இல் விட்டு வந்தவர்கள், உலகப்புகழ் பெற்ற பிறகு, 1970 பிப்ரவரியில் கோபன்ஹேகனில், செப்பலின் என்ற வான்கப்பலுக்குப் பெயர் தந்த குடும்பத்துப் பெண்மணி ஒருவர் வழக்குத் தொடுப்பதாகச் சொன்னதால் 'நாப்ஸ்' என்ற பெயரில் ஓரிரவு வாசித்தார்கள்.

இப்போது தங்கள் அடுக்குக்கு வருவோம். 1958இல் குவாரிமென் ஐவர், லிவர்பூலில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் வீட்டில் வைத்திருந்த சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் 17 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்துத் தங்கள் முதல் தட்டைப் பதிவுசெய்தார்கள். ஒரு பக்கம் பட்டி ஹாலியின் பாடல். மறுபக்கம் அவர்களே எழுதிய பாடல். ஒரே ஒரு பிரதி. அசிடேட் தட்டு என்பதால் ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் ஒலி சற்றே தேயும். ஐந்து பேரும் முறைவைத்து ஆளுக்கு ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். கடைசியாகப் போனது பியானோ வாசித்த ஜான் லோவிடம். அவரிடமே இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டது. 1981இல் மெக்கார்ட்னி அவரிடமிருந்து அதை விலைகொடுத்து வாங்கினார். 1995இல் வந்த பீட்டில்ஸ் 'ஆந்தாலஜி' முதல் தொகுப்பில் அந்த இரு பாடல்களும் இடம்பெற்றதால், தங்களிடமும் அவை பீட்டில்ஸ் என்ற பெயரில்தான் இருக்கும்.

தயவுசெய்து அதைத் திருத்துங்கள். அந்தத் தட்டில் வாசித்த ஐவரில் மூவர்தாம் பின்னாளில் பீட்டில்ஸ். டிரம்ஸ் வாசித்த காலின் ஹான்டனும், பியானோ வாசித்த ஜான் லோவும் ஒருநாளும் பீட்டில்ஸாக இருந்ததில்லை. அந்தப் பாடல்களைப் பீட்டில்ஸ் பெயரில் போட்டால், அவர்கள் கைபட்ட தட்டிலிருந்தே அவர்களை வெளியேற்றியதாகிவிடும். 1964ஆம் ஆண்டு ஹை நம்பர்ஸ் தட்டை ஹை நம்பர்ஸ் என்றே வையுங்கள். கோலிவாக்ஸ் பாடல்களை எந்தப் பெயரில் வைப்பது என்று நானும் தயங்கியிருக்கிறேன். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யவே கை கூசுகிறது. ஆனாலும் 1975இல் அந்தப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோதும் அதே பெயர்தான் உறையில் இருந்தது. அவர்களுக்கு இழைக்கப்பட்டதை அழகான பெயரால் மூட நமக்கு உரிமையில்லை. எனவே, தட்டின் ஒட்டுத்தாளில் என்ன பெயர் இருக்கிறதோ அதைக் குழுப்பெயர் கட்டத்தில் இடுங்கள். பின்னாளைய புகழ்பெற்ற பெயரைக் குறிப்புக் கட்டத்தில் சேருங்கள். தேடும்போது இரண்டுமே கிடைக்கும். பெண்டில்டோன்ஸ் என்ற பெயரில் மட்டும் தங்களால் எதையும் அடுக்க முடியாது. அந்தப் பெயரில் ஒரு தட்டுகூட வெளிவரவில்லை.

அன்புடன்.