பலமாக அழுத்தினால் பின் மேலே போய்விடும்

கேள்வி: காரைக்குடிப் பழம்பொருள் கடையில் சாவியில்லாத லீவர் பூட்டு ஒன்றும், கடைத்தெருவில் ஐந்து பின் பூட்டு ஒன்றும் வாங்கி, சாவியில்லாமல் திறந்து பழகுகிறேன். பின் பூட்டில் நாலு பின் உட்கார்ந்தது போல இருக்கிறது. அப்புறம் எதுவும் அசைவதில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பலமாக அழுத்தியும் பலனில்லை. எந்தக் கம்பெனி கருவி வாங்கலாம்?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: கருவியை அப்புறம் பார்ப்போம். “பலமாக” என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

பின் பூட்டில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின்கள். கீழே சாவி தொடும் பின், மேலே ஸ்பிரிங் அழுத்தும் பின். இரண்டும் சந்திக்கும் இடம், சாவியோடு சேர்ந்து சுற்றும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்தால்தான் உருளை சுற்றும். எந்தத் தொழிற்சாலையிலும் ஐந்து துளைகள் இம்மி பிசகாமல் ஒரே கோட்டில் விழுவதில்லை. அதனால் டென்ஷன் கம்பியால், அதாவது உருளையைத் திருகச் சாவித்துளையில் நுழைக்கும் வளைந்த கம்பியால், லேசாகத் திருகினால் ஏதோ ஒரு பின்தான் முதலில் இறுகும். அதை மெல்ல உயர்த்தினால் மேல் பின் விளிம்பைத் தாண்டி நிற்கும், உருளை மயிரிழை திரும்பும், அடுத்த பின் இறுகும்.

பலமாகத் திருகினால் இரண்டு மூன்று பின்கள் சேர்ந்து இறுகிவிடும். எது நிஜமாக இறுகியது என்று கைக்குத் தெரியாது. இறுகிய பின்னை நகர்த்த, பின்னை உயர்த்தும் கொக்கிக் கம்பியான பிக்கையும் பலமாகத் தள்ளுவீர்கள். அது விடுபடும் வேகத்தில் கீழ்ப் பின்னும் விளிம்பைத் தாண்டி மேலே ஏறிக் குறுக்கே மாட்டிக்கொள்ளும். இதுதான் ஓவர்செட். அப்புறம் மற்ற நாலு பின்னை விடியும்வரை கிளறினாலும் உருளை திரும்பாது.

எந்தப் பின் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் பிக் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கோடு துள்ளினால் அதன் முறை இன்னும் வரவில்லை. கல்லாக நின்றால் இப்போது இறுகியிருப்பது அது. ஸ்பிரிங் அழுத்தமே இல்லாமல் லேசாக ஆடினால் சரியாக உட்கார்ந்தது. ஆட்டமும் இல்லாமல், இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே அசையாமல் நின்றால் அதுதான் ஏறிப்போனது.

உடனே கம்பியை விட்டுவிடாதீர்கள், எல்லாப் பின்னும் விழுந்துவிடும். கோலமாவை விரலிடுக்கில் விடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதும் நிறுத்தி மறுபடி தொட்டுப் பாருங்கள். பல நேரம் ஏறியது மட்டும் விழுந்திருக்கும். கூடவே இன்னொன்று விழுந்தாலும் நஷ்டமில்லை, வரிசை தெரிந்துவிட்டதே. மூன்று பின் விழுந்துவிட்டால் மொத்தமாக விட்டு முதலிலிருந்து தொடங்குவதே மேல்.

பலம் இல்லாமலும் ஓவர்செட் ஆகும். முன்னால் நீளமான கீழ்ப் பின், பின்னால் குட்டையானது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதற்குக் கொஞ்சம் தூக்கினாலே போதும், குட்டையானதை நிறையத் தூக்க வேண்டும். பின்னாலுள்ளதைத் தூக்கும்போது பிக்கின் தண்டு முன்னாலுள்ளதை முட்டி மேலே ஏற்றிவிடும். இதற்கு ஒல்லியான தண்டும் உயரமான கொக்கியும் வேண்டும்.

டென்ஷன் கம்பியைச் சாவித்துளையின் அடியில் போட்டால் பிக்குக்கு இடம் குறையும். பின்கள் இருக்கும் பக்கத்து வாயில் தட்டையான பட்டி பொருந்தினால் துளை முழுவதும் பிக்குக்குக் கிடைக்கும், அசைவும் நன்றாகத் தெரியும். எப்படிப் போட்டாலும் விரல் நகம் வெளுக்கக் கூடாது. வெளுத்தால் அழுத்தம் அதிகம்.

உருளை சில பாகை திரும்பி நின்றுவிட்டால் அதை ஓவர்செட் என்று நினைக்காதீர்கள். இடை சிறுத்த ஸ்பூல் பின் மாட்டியிருக்கும். அதைத் தொட்டால் உருளை உங்கள் விரலை எதிர்த்துப் பின்னால் தள்ளும். அங்கே இன்னும் இளக்கி, உருளை பின்னால் போக வழி விட வேண்டும்.

இனி எண்ணெய். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது, இன்னும் எழுதுவேன். அது தூசியைப் பிடித்துப் பிசினாகும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகும். மார்கழிக் காலையில் ஸ்பிரிங் அந்தப் பிசினை மீறிப் பின்னை இறக்க முடியாமல் திணறும். நீங்கள் எவ்வளவு பக்குவமாகத் தளர்த்தினாலும் ஏறிய பின் விழாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உதறி, நன்றாகக் காயவிட்டு, கிராஃபைட் தூளைச் சிட்டிகையளவு ஊதுங்கள். பென்சிலைச் சுரண்டிப் போட வேண்டாம், அதில் களிமண் கலந்திருக்கிறது.

அந்த லீவர் பூட்டுக்கு வருகிறேன். அதில் பின் இல்லை, தகடுகள். ஒவ்வொரு தகட்டின் பள்ளமும் தாழ்ப்பாளின் முளைக்கு நேராக வர வேண்டும். கூடத் தூக்கினாலும் குறையத் தூக்கினாலும் தாழ் நகராது. 1818-ல் இங்கிலாந்தில் ஜெரமையா சப் செய்த டிடெக்டர் பூட்டில் தகடு அளவுக்கு மேல் ஏறினால் மாட்டிக்கொள்ளும், உண்மையான சாவிக்கும் திறக்காது. யாரோ கைவைத்தது சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். ஓவர்செட்டையே காவலாக்கிய அருமையான வேலை அது. அதையும் 1851-ல் லண்டனில் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். சுத்தியலால் அல்ல.

நம் ஊரில் என்ன நடக்கிறது? செட்டிநாட்டு வீட்டு வளவில் ஒரு புள்ளியின், அதாவது அங்கே பங்குள்ள ஒரு குடும்பத்தின், அறைச் சாவி காணவில்லையென்றால் உடனே ரம்பமும் கடப்பாரையும் வந்துவிடுகின்றன. பூட்டோடு பர்மாத் தேக்கு நிலையும் பிளந்து போகிறது. திண்டுக்கல் பூட்டுக்கும் நம் கண்டாங்கிச் சேலைக்கும் 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையை மடித்துப் பீரோவில் வைக்கிறோம், பூட்டை எடைக்குப் போடுகிறோம். வீட்டைப் பிரிக்கும்போது பூட்டை உடைக்காதீர்கள். சாவி வெட்டும் ஆளைக் கூப்பிடுங்கள், தகட்டைப் பார்த்துப் புதுச் சாவி செய்து தருவார்.

கருவிக்குக் கம்பெனி தேட வேண்டாம். பழைய வைப்பர் பிளேடுக்குள் இருக்கும் எஃகுப் பட்டியை வளைத்தால் டென்ஷன் கம்பி தயார். வீட்டு வாசலில் தொங்கும் பூட்டில் பழகாதீர்கள், பின் தேய்ந்தால் உங்கள் சாவியே சுற்றாது. கடைத்தெருப் பூட்டைப் பெஞ்சில் இறுக்கி, முதல் வாரம் திறக்கவே முயலாமல், ஒரு பின்னை வேண்டுமென்றே மேலே ஏற்றி, அதைத் தொட்டுப் பார்த்து, தளர்த்தி இறக்குங்கள். அடுத்த வாரம் இரண்டு பின்.